முத்துவின் வயிற்றுநீர்: சுங்கை சிப்புட் பூனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முத்து எட்டு மாத ஆண் பூனை. மஞ்சளும் வெள்ளையும் கலந்த உடல், நுனி மடங்கிய குட்டை வால். மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் எங்கும் காணக்கூடிய நாட்டுப்பூனை. அதன் வயிற்றில் தேங்கிய நீரில் இன்டர்லுகின்-6 என்ற அழற்சிப் புரதம் சிறிதும் இல்லை என்றது முதல் பரிசோதனை. அதே குப்பியில் இருந்த அதே நீரில் அந்தப் புரதம் ஏராளமாக இருக்கிறது என்றது இரண்டாவது பரிசோதனை. இந்த இரண்டுக்கும் நடுவே நடந்ததைக் கால்நடை மருத்துவர்களும் ஆய்வக மாணவர்களும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். பூனை வளர்ப்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. வளர்த்த குடும்பத்தின் ஒப்புதலுடன் எழுதுகிறேன்.

வந்த நிலை

முத்துவைக் கொண்டுவந்தவர் ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளியான ஒரு பாட்டி. உடன் பேரனும் வந்திருந்தான். பழக்கூடை ஒன்றில் துண்டு விரித்துப் பூனையைப் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, முதுகெலும்பு தெரிகிறது, ஆனால் வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது என்றார் பாட்டி. குடற்புழு என்று எண்ணிக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் வயிறு குறையவில்லை.

"எலி மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றிருக்குமோ, டாக்டரம்மா?" என்று கேட்டார். தோட்டத்தில் வாழ்ந்தவர் கேட்கும் கேள்வி இது, நியாயமானதும் கூட. செம்பனைப் பழத்தை எலிகள் குதறுகின்றன. அவற்றை ஒழிக்க ஆந்தைக் கூடுகள் வைக்கும் தோட்டங்கள் உண்டு, நஞ்சுக் கட்டிகளை மரத்தடியில் போடும் தோட்டங்களும் உண்டு. அந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனைக்கு வயிற்றுக்குள்ளேயே இரத்தக் கசிவு ஏற்பட்டு வயிறு வீங்கலாம். எனவே முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருப்பது இரத்தமா என்பதைத்தான்.

உடல் வெப்பம் 40.1 டிகிரி செல்சியஸ். பூனைக்கு 39.2 வரை இயல்பு. எடை 2.4 கிலோ, அதிலும் ஒரு பகுதி நீரின் எடை. ஈறுகள் வெளிறி, காது மடலின் உட்புறத்தில் மெல்லிய மஞ்சள் படர்ந்திருந்தது. வயிற்றின் ஒரு பக்கத்தைத் தட்டினால் மறுபக்கத்தில் அலை தெரிந்தது.

ஊசி வழியாக நீரை எடுத்தேன். இரத்தம் இல்லை. வைக்கோல் நிறத்தில், தெளிவாக, இரு விரல்களுக்கிடையே இழுத்தால் நூலாக நீளும் பிசுபிசுப்புடன் இருந்தது. எலி மருந்து என்ற ஐயம் அத்தோடு நீங்கியது. அதைவிடக் கடுமையான ஒன்று அந்த இடத்தில் வந்து நின்றது.

எண்கள் சொன்னவை

இரத்தப் பரிசோதனையில் மொத்தப் புரதம் லிட்டருக்கு 92 கிராம். அதில் ஆல்புமின் 21, குளோபுலின் 71. ஆல்புமினைக் குளோபுலினால் வகுத்தால் 0.3. இந்த விகிதம் 0.4க்குக் கீழே இறங்கினால் பூனைத் தொற்று வயிற்றுறை அழற்சியை, அதாவது பூனை வளர்ப்போர் எஃப்.ஐ.பி. என்று அழைக்கும் நோயை, முன்வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். 0.8க்கு மேல் இருந்தால் அந்த நோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சிவப்பணுக்களின் பங்கு 24 விழுக்காடு, இது சோகை. லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைவு. உடலில் மஞ்சள் படரக் காரணமான பிலிருபின் உயர்வு. பூனை லூக்கிமியா வைரஸ், பூனை நோயெதிர்ப்புக் குறைவு வைரஸ் ஆகிய இரண்டுக்குமான விரைவுச் சோதனைகள் எதிர்மறை.

வயிற்றுநீரில் புரதம் மிகுதியாகவும் செல்கள் குறைவாகவும் இருந்தன. நுண்ணோக்கியில் வெள்ளணு வகைகளான சிதையாத நியூட்ரோஃபில்களும் பெருவிழுங்கிச் செல்களும் தெரிந்தன, பாக்டீரியா இல்லை. ரிவால்டா சோதனையும் செய்தேன். வடிநீரில் ஒரு துளி அசிட்டிக் அமிலம் கலந்து, அதன் மேல் வயிற்றுநீரை ஒரு துளி விட வேண்டும். துளி கரையாமல் உருவம் கலையாமல் தொங்கினால் நேர்மறை. முத்துவின் துளி தொங்கியது. இந்தச் சோதனை நேர்மறையாக வருவதை விட எதிர்மறையாக வருவதற்கே நம்பகம் அதிகம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சீழ்பிடித்த வயிற்றுறை அழற்சியிலும் லிம்போமா என்ற புற்றுநோயிலும் கூட அது நேர்மறையாக வரலாம். வயிற்றுநீரில் பூனைக் கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏ. இருப்பதை, மரபுப்பொருளைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். சோதனை காட்டியது. திசுவில் உள்ள பெருவிழுங்கிச் செல்லுக்குள் வைரஸ் புரதத்தைச் சாயமேற்றிக் காட்டுவதே முடிவான சான்று. ஆனால் அந்த நிலையில் இருந்த பூனையை மயக்கித் திசு எடுப்பது சரியல்ல என்று முடிவு செய்தேன். வயது, காய்ச்சல், மஞ்சள், விகிதம், நீரின் தன்மை, பி.சி.ஆர். எல்லாம் ஒரே பக்கம் நின்றன.

இங்கே ஒரு விளக்கம் அவசியமாகிறது. கொரோனா என்ற பெயரைக் கேட்டதும் லயத்தில் பக்கத்து வீடுகளில் கலக்கம் ஏற்பட்டுவிட்டது. பூனைகளைச் சாக்கில் கட்டி ஆற்றோரம் விட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்லும் அளவுக்குப் போனது. பூனைக் கொரோனா வைரஸ் ஆல்ஃபா வகையைச் சேர்ந்தது. கோவிட்-19 நோயைத் தந்தது பீட்டா வகையைச் சேர்ந்த வேறொரு வைரஸ். பூனையுடையது மனிதரைத் தொற்றுவதில்லை. பல பூனைகள் ஒரே மண்ணைக் கழிப்பிடமாகப் பயன்படுத்தும் இடங்களில் அது மலத்தின் வழியே எளிதில் பரவும். பெரும்பாலான பூனைகளுக்குச் சிறு வயிற்றுப்போக்கோடு போய்விடும், அல்லது எதுவுமே தெரியாது. தொற்றிய பூனைகளில் சிறு பங்கில் மட்டும், அந்தந்தப் பூனையின் உடலுக்குள்ளேயே வைரஸ் உருமாறி, குடலை விட்டுப் பெருவிழுங்கிச் செல்களுக்குள் குடியேறுகிறது. அப்போதுதான் எஃப்.ஐ.பி. வருகிறது. உருமாறிய இந்த வைரஸ் வழக்கமாக இன்னொரு பூனைக்குப் பரவுவதில்லை. 2023இல் சைப்பிரஸ் தீவில் பரவியது, நாய்க் கொரோனா வைரஸின் பகுதியைப் பெற்ற வேறொரு வகை. அது விதிவிலக்கு. இதை நான் லயத்துக்கே போய் விளக்கினேன். பூனைகளை யாரும் விரட்டவில்லை.

ஒரு புரதம், நான்கு விளைவுகள்

இந்த நோயில் வைரஸ் செய்யும் கேட்டை விட, அதற்கு உடல் தரும் எதிர்வினை செய்யும் கேடு பெரிது. வைரஸ் புகுந்த மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் சிறு இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு, அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களான சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. டி.என்.எஃப்-ஆல்ஃபா, இன்டர்லுகின்-1 பீட்டா, இன்டர்லுகின்-6 ஆகியவை அவற்றில் முதன்மையானவை. குழாய்ச்சுவர் இளகுகிறது, புரதம் நிறைந்த நீர் வெளியே கசிகிறது. ஜப்பானில் டக்கானோவின் குழு 2007இல் இன்னொரு கொடுமையையும் காட்டியது. தொற்றுக்குள்ளான செல்கள் சுரக்கும் டி.என்.எஃப்-ஆல்ஃபா, பக்கத்துப் பெருவிழுங்கிச் செல்களின் மேற்பரப்பில் பூனைக் கொரோனா வைரஸின் ஒரு வகை நுழையும் வாசலான அமினோபெப்டிடேஸ்-என் என்ற புரதத்தையே கூட்டிவிடுகிறது. பூனையைக் காக்க வேண்டிய சுரப்பு பகைக்கு வாசலைத் திறக்கிறது.

முத்துவின் தாளில் இருந்த எண்களுக்குப் பின்னால் நான் தேடியது இன்டர்லுகின்-6ஐ. ஒசாகாவில் கிஷிமோட்டோவும் ஹிரானோவும் 1986இல் மனிதரிடம் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். எஃப்.ஐ.பி. கண்ட பூனைகளின் இரத்தத்திலும் வயிற்றுநீரிலும் இதன் செயல்பாடு மிகுந்திருப்பதை 1990இலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இது பி-லிம்போசைட்டுகளைத் தூண்டி எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களாக முதிரச் செய்கிறது, அதனால் குளோபுலின் ஏறுகிறது. கல்லீரலிடம் ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்து, அழற்சியின்போது உயரும் கடும்கட்டப் புரதங்களைக் கூட்டச் சொல்கிறது. ஹெப்சிடின் என்ற சுரப்பைக் கூட்டி இரும்புச்சத்தைச் செல்களுக்குள் பூட்டிவைக்கிறது, அதனால் சோகை. மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை உயர்த்திவைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. முத்துவின் 71, 21, 24, 40.1 ஆகிய நான்கு எண்களிலும் இந்தப் புரதத்தின் கை இருப்பதாகவே எனக்குப் பட்டது.

கடும்கட்டப் புரதம் பற்றி ஒரு சொல். மனிதருக்கும் நாய்க்கும் அழற்சியைக் காண சி-ரியாக்டிவ் புரதத்தைப் பார்க்கிறோம். பூனையில் அது குறிப்பிடும்படி உயர்வதில்லை. பூனையில் உயர்பவை சீரம் அமிலாய்டு-ஏ, ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதம் ஆகியவை. பூனைக்கு உரிய முறையில் அளந்தபோது முத்துவின் சீரம் அமிலாய்டு-ஏ லிட்டருக்கு 96 மில்லிகிராம் இருந்தது. இயல்பு நிலையில் அது 5க்கும் கீழ்.

முதல் பரிசோதனை

பூனைகளின் அழற்சி குறித்து ஆய்வு செய்யும் முதுகலை மாணவி ஒருவர், சிகிச்சைக்குத் தேவைப்பட்டது போக எஞ்சும் வயிற்றுநீரைத் தர முடியுமா என்று முன்பே கேட்டு வைத்திருந்தார். பாட்டியிடம் விளக்கினேன். "எப்படியும் கொட்டப்போகும் தண்ணீர்தானே, படிக்கிற பிள்ளைக்கு உதவட்டும்" என்று தமிழில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நீரை மையவிலக்கியில் சுழற்றிச் செல்களை நீக்கி, சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைத்து அனுப்பினோம்.

அந்த ஆய்வகத்தின் உறைபெட்டியில் இருந்தது மனித இன்டர்லுகின்-6ஐ அளக்கும் எலிசா கருவித்தொகுப்பு. நம் நாட்டில் பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. மனிதருக்கான தொகுப்பு கைக்கு எட்டும், விலையும் குறைவு. பூனைக்கானதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தேடும் புரதம் இருந்தால் தொகுப்பின் தட்டிலுள்ள குழிகளில் நிறம் எழும். மனிதத் தொகுப்பில் வைத்துப் பார்த்ததில் முத்துவின் நீர் இருந்த குழிகளில் நிறமே எழவில்லை. அளக்கக்கூடிய கீழ்வரம்புக்கும் கீழே என்று முடிவு வந்தது.

அதை நான் ஏற்கவில்லை. ஒரு பூனையின் குளோபுலின் 71க்கு ஏறி, ஆல்புமின் 21க்கு இறங்கி, சீரம் அமிலாய்டு இருபது மடங்கு ஏறியிருக்கும்போது, இவற்றையெல்லாம் ஏவும் புரதம் சிறிதும் இல்லை என்று ஒரு தட்டு சொன்னால், முதலில் ஐயப்பட வேண்டியது தட்டைத்தான். எலிசா என்பது எதிர்ப்பொருள்களைக் கொண்டு புரதத்தைப் பிடிக்கும் முறை. ஓர் எதிர்ப்பொருள் புரதம் முழுவதையும் அடையாளம் காண்பதில்லை. அதன் மேற்பரப்பில் ஒரு சிறு பகுதியைத்தான் பற்றிக்கொள்கிறது. மனிதப் புரதத்துக்கும் பூனைப் புரதத்துக்கும் இடையே அந்தப் பகுதியில் சில அமினோ அமிலங்கள் மாறியிருந்தாலே பிடி நழுவிவிடும். இன்டர்லுகின்-6 விலங்குக்கு விலங்கு கணிசமாக மாறுபடும் புரதம். ஆகவே நிறம் எழாததற்கு இரண்டு விளக்கங்கள் இருந்தன. புரதம் இல்லாமல் இருக்கலாம், அல்லது புரதம் இருந்தும் தட்டின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பூனைப் புரதத்தை அந்தத் தட்டில் விட்டுப் பார்ப்பதுதான்.

குப்பியில் வந்த படிக்கல்

இதற்காகத்தான் மறுசேர்க்கைப் பூனை இன்டர்லுகின்-6 வரவழைக்கப்பட்டது. பூனையின் மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தப் பாக்டீரியாவை வளர்த்து, அது உருவாக்கும் புரதத்தைப் பிரித்துத் தூய்மையாக்கி உலர வைத்த பொருள் இது. எடை ஏறத்தாழ 21 கிலோடால்டன். குப்பியில் இருப்பது 10 மைக்ரோகிராம், கண்ணுக்குத் தெரியாது. முதன்முதலில் பார்ப்பவர் வெறும் குப்பியை அனுப்பிவிட்டார்கள் என்றே நினைப்பார். மூடியைத் திறக்கும் முன் மையவிலக்கியில் ஒரு சுற்று சுழற்ற வேண்டும். இல்லையென்றால் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தூள் காற்றோடு போய்விடும்.

கரைத்த பிறகு கவலை இன்னும் கூடுகிறது. மிகக் குறைந்த செறிவில் உள்ள புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நாம் பிப்பெட்டில் எடுப்பது கணக்கில் உள்ளதை விடக் குறைவாகிவிடும். அதற்காகக் கரைசலில் மாட்டு ஆல்புமின் சிறிது சேர்த்து, சுவருக்கு அதைத் தீனியாகக் கொடுத்துவிட வேண்டும். பின்பு ஒருமுறை பயன்பாட்டுக்கான சிறு பங்குகளாகப் பிரித்துக் மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் புரதம் சிதைந்து திரளும். எடையே தெரியாத படிக்கல்லை வைத்துக்கொண்டு எந்தத் தராசில் நிறுத்து என்ன பயன்? இந்த வேலையில் அந்த மாணவி காட்டிய கவனத்தை வெகு சிலரிடமே பார்த்திருக்கிறேன்.

முதலில் வெறும் கரைசலில், மில்லிலிட்டருக்கு 1,000 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) பூனைப் புரதம் கலந்து, மனிதத் தொகுப்பில் விட்டார். நிறம் எழவில்லை. முத்துவின் நீரில் அதே அளவைக் கூடுதலாகக் கலந்தார். அப்போதும் எழவில்லை. மனிதப் புரதத்தைக் கலந்த குழிகள் மட்டும் ஒழுங்காக மஞ்சளாயின. தொகுப்பில் பழுது எதுவும் இல்லை, தன் வேலையைச் சரியாகவே செய்தது. பூனைப் புரதத்தைப் பார்க்கும் திறன் அதற்கு இல்லை, அவ்வளவுதான். எல்லா மனிதத் தொகுப்புகளும் இப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சில சைட்டோகைன்களில், சில எதிர்ப்பொருள்களில், விலங்கு தாண்டிய பிடிப்பு உண்டு. ஆனால் அதை அந்தந்தத் தொகுப்பில் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, பூனைக்கென்று அமைந்த எதிர்ப்பொருள் இணையைக் கொண்ட தொகுப்பு வந்தது. மறுசேர்க்கைப் புரதத்தின் படிநிலை நீர்ப்புகளைக் கொண்டு, எந்த அளவுக்கு எவ்வளவு நிறம் என்று காட்டும் தர வளைகோடு வரைந்தார். இங்கும் ஒரு சிக்கல் காத்திருந்தது. நீர்க்காத வயிற்றுநீரில் கலந்த புரதத்தில் 58 விழுக்காடு மட்டுமே திரும்பக் கிடைத்தது. 80 முதல் 120 விழுக்காடு வரை கிடைத்தால்தான் அளவை நம்பலாம் என்பது பொதுவான வரம்பு. எஃப்.ஐ.பி. நீர் புரதம் செறிந்த, பிசுபிசுப்பான திரவம். அதில் இன்டர்லுகின்-6ஐப் பற்றிக்கொள்ளும் கரைந்த ஏற்பிகளும் இருக்கலாம், எதிர்ப்பொருள் பிடிக்கும் முன் அவை பிடித்துவிடும். இருபது மடங்கு நீர்த்தபோது மீட்பு 93 விழுக்காட்டுக்கு வந்தது. மேலும் மேலும் நீர்த்த மாதிரிகளின் அளவுகள் தர வளைகோட்டுக்கு இணையாக இறங்கின. இந்த இணைப்போக்கு முக்கியம். ஈ. கோலை தரும் புரதத்தில் சர்க்கரைக் கிளைகள் இருக்காது, பூனை உடல் உருவாக்குவதில் இருக்கும். இரண்டையும் எதிர்ப்பொருள் ஒரே விதமாகப் பற்றுகிறதா என்பதை இணைப்போக்கு இருந்தால்தான் ஒப்புக்கொள்ள முடியும்.

இருபது மடங்கு நீர்த்த மாதிரியில் 310 பிகோகிராம். அப்படியானால் முத்துவின் வயிற்றுநீரில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 6,200 பிகோகிராம் இன்டர்லுகின்-6 இருந்தது. கருத்தடைக்காக வந்த நலமான பூனை ஒன்றின் சீரத்தில் அது கீழ்வரம்புக்கும் கீழே இருந்தது. இந்த முறை அந்த முடிவை நம்பலாம், ஏனென்றால் அதே சீரத்தில் புரதத்தைக் கலந்தபோது தொகுப்பு அதைக் கண்டுபிடித்தது.

இந்த எண்ணைக் கொண்டு எஃப்.ஐ.பி. என்று நோயறுதி செய்ய முடியாது. சீழ்பிடித்த வயிற்றிலும் இன்டர்லுகின்-6 ஏறும், கணைய அழற்சியிலும் ஏறும். நோயறுதி முன்பே சொன்ன சான்றுகளின் கூட்டால் வந்தது. இந்த அளவீடு அழற்சி எந்தப் பாதையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைத்தான் காட்டியது.

"அந்தப் புரதத்தையே ஊசி போடலாமா?"

பாட்டியின் பேரன் இடைநிலைப்பள்ளி மாணவன். பூனைப் புரதம் என்று கேட்டதும் அது மருந்து என்று எண்ணிவிட்டான். அவன் கேட்ட கேள்வியைப் பல பெரியவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் இங்கே பதில் எழுதுகிறேன்.

குப்பியின் மேல் ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டிருக்கிறது. முத்துவின் உடலில் ஏற்கெனவே மிகுந்து கிடப்பதே இன்டர்லுகின்-6, அதை மேலும் ஏற்றினால் காய்ச்சலும் கசிவும்தான் கூடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஈ. கோலை பாக்டீரியாவின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற நச்சு உண்டு. புரதத்தைத் தூய்மையாக்கிய பிறகும் அதன் சுவடு எஞ்சலாம். சுவடளவே பெருவிழுங்கிச் செல்களைக் கொதிக்க வைக்கும். செல்களைத் தூண்டும் ஆய்வுக்குப் பயன்படுத்தும்போது கூட, தூண்டியது சைட்டோகைனா எண்டோடாக்சினா என்று தெரியாமல் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு தொகுதியிலும் எண்டோடாக்சின் அளவைப் பார்க்கிறார்கள். பல பத்தாண்டுகளாக இதற்குக் குதிரைலாட நண்டின் நீல இரத்தம் தேவைப்பட்டது. அந்த இரத்தத்தில் உள்ள காரணி-சி என்ற புரதத்தை நண்டு இல்லாமலே உருவாக்கும் வழியைக் கண்டவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங்கும் ஹோ போவும். நம் கடற்கரைச் சதுப்புகளிலும் வாழும் ஒரு நண்டினத்திலிருந்து அந்த மரபணுவை எடுத்தார்கள் என்பதைச் சொன்னபோது பையனின் கண்கள் விரிந்தன.

பூனைப் புரதம் மருந்தாக வந்ததும் உண்டு. வைரஸை எதிர்க்கும் புரதமான பூனை இன்டர்ஃபெரான்-ஒமேகாவைப் பட்டுப்புழுவில் உருவாக்கி ஜப்பானிய நிறுவனமான டோரே மருந்தாக்கியது. 2004இல் 12 பூனைகளில் செய்த ஆய்வு எஃப்.ஐ.பி.க்கு அது உதவுகிறது என்ற நம்பிக்கையைத் தந்தது, ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. 2007இல் ஜெர்மனியில் 37 பூனைகளில், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் கரைசல் என்று மறைத்துச் செய்த ஆய்வில் வாழ்நாளில் வேறுபாடு தெரியவில்லை. பூனைக்குரிய புரதம் என்பதாலேயே அது பூனைக்கு மருந்தாகிவிடாது.

மறுபக்கமும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்த பூனைகளின் சோகைக்கு, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் மனித எரித்ரோபொயட்டின் கொடுத்த காலத்தில், கணிசமான பூனைகளின் உடல் அதை அந்நியம் என்று கண்டு எதிர்ப்பொருள் உருவாக்கியது. அந்த எதிர்ப்பொருள் பூனையின் சொந்த எரித்ரோபொயட்டினையும் சேர்த்து முடக்கியதால், சோகை முன்பை விடக் கடுமையானது. மனிதப் புரதமும் பூனைப் புரதமும் ஒன்றுதான் என்ற எண்ணம் தட்டில் நிறம் எழாமல் போவதோடு நிற்பதில்லை, உயிரையும் வாங்கியிருக்கிறது.

சிகிச்சை

1963இல் பாஸ்டன் நகரில் ஜீன் ஹோல்ஸ்வர்த் இந்த நோயை விவரித்த நாளிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேல், இது வந்த பூனை இறக்கும் என்றுதான் நாங்கள் சொல்லி வந்தோம். 2019இல் கலிஃபோர்னியாவில் நீல்ஸ் பீடர்சன் குழு ஜி.எஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்தது. அவற்றில் 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன. சிலவற்றுக்கு நோய் திரும்பி மறுபடி மருந்து தேவைப்பட்டது, எனினும் பெரும்பாலானவை பிழைத்தன. வைரஸின் ஆர்.என்.ஏ. நகலெடுப்பை இது நிறுத்துகிறது.

முத்துவுக்கும் அதையே வாய்வழியாகத் தொடங்கினேன். பாட்டியின் மகன்களும் லயத்து வீடுகளில் சிலரும் பணம் சேர்த்தார்கள். முன்பு சாக்கைப் பற்றிப் பேசியவரும் கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இரண்டாம் வாரம் வயிறு வற்றியது. எடை ஏறும் ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவைத் திருத்துவது இந்தச் சிகிச்சையில் மிக முக்கியம். வளரும் பூனைக்குத் தொடக்க அளவையே தொடர்ந்தால், வளர்ந்த உடலுக்கு மருந்து போதாமல் நோய் திரும்பும். அதனால் வாரந்தோறும் பேரன் பூனையை எடை பார்க்கக் கொண்டுவந்தான். நீர் தேங்கிய வகை எஃப்.ஐ.பி.யில் 42 நாள் சிகிச்சையும் 84 நாள் சிகிச்சையும் ஒரே பலனைத் தந்ததாக 2024இல் 40 பூனைகளில் செய்த ஜெர்மானிய ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வில் பூனைகளை நெருக்கமாகக் கண்காணித்தார்கள். எங்கள் ஊரில் அந்த அளவு கண்காணிப்பு இயலாது என்பதால் 84 நாளும் கொடுத்தேன்.

சிகிச்சைக்குப் பின் குளோபுலின் 39, ஆல்புமின் 33, விகிதம் 0.85. சீரம் அமிலாய்டு-ஏ இயல்பு. எடை 3.9 கிலோ. வயிற்றுநீர் வற்றிவிட்டதால் இன்டர்லுகின்-6ஐத் தொடர்ந்து அதே திரவத்தில் பார்க்க வழியில்லை. முதல் நாள் எடுத்த சீரத்தையும் கடைசி நாள் சீரத்தையும் ஒரே தட்டில், ஒரே தர வளைகோட்டில் வைத்து அளந்தோம். முதலாவதில் புரதம் தெளிவாக இருந்தது, கடைசியில் கீழ்வரம்புக்கும் கீழே போயிருந்தது. வயிற்றுநீரின் 6,200ஐச் சீரத்தோடு ஒப்பிட்டு இத்தனை மடங்கு குறைந்தது என்று எழுதினால் கவர்ச்சியாக இருக்கும். இரு வேறு திரவங்களை அப்படி ஒப்பிடுவது தவறு என்பதால் அந்தக் கணக்கை நாங்கள் எழுதவில்லை.

சிகிச்சை முடிந்து 12 வாரக் கண்காணிப்பிலும் நோய் திரும்பவில்லை. முத்துவுக்குக் கருத்தடை செய்துவிட்டேன். அதன் உடன்பிறந்த பெண் பூனைக்கு அறிகுறி எதுவும் இல்லை. பாட்டி வீட்டில் பூனைகள் மலம் கழிக்கும் மண்சட்டிகளை இரண்டிலிருந்து நான்காக்கி, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். தினமும் மலத்தை அள்ளிவிடுகிறார்கள். தோட்டத்து வீடுகளில் வைரஸ் சுமையைக் குறைக்க இதைவிடப் பயனுள்ள வழி எனக்குத் தெரியாது.

மாணவியின் ஆய்வகத்தில் இப்போது எந்த விலங்கின் மாதிரி வந்தாலும், அந்த விலங்கின் மறுசேர்க்கைப் புரதத்தை ஒரு குழியில் கலந்து பார்க்காமல் முடிவை எழுதுவதில்லை. முன்பு அதே மனிதத் தொகுப்பில் சோதித்து, இன்டர்லுகின்-6 இல்லை என்று குறித்து வைத்த பூனை மாதிரிகள் அங்கே உறைபெட்டியில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப அளக்க அவர் பட்டியல் போட்டிருக்கிறார். எத்தனை முறை உருக்கப்பட்டன என்ற குறிப்பு இல்லாதவற்றை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒருமுறை உறைய வைத்தவற்றிலிருந்து தொடங்கும்படி சொல்லியிருக்கிறேன்.